பெண் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவரானால் பிள்ளைகளின் கனவு மாறுமா?

களக்காட்டுப் பக்கத்தில் உங்கள் ஊருக்குப் பெண் தலைவர் வந்ததால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையக் கிடைக்கும், ஆனால் உடனே இல்லை.

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக்கியது.

இதன் பலனை மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் ஆராய்ந்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது. தலைவர் பதவி இரண்டு தவணை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், மகனுக்குப் பெரிய கனவு, மகளுக்குச் சின்னக் கனவு என்று பெற்றோர் மனதில் இருந்த இடைவெளி குறைந்திருந்தது. வளரிளம் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்தது. படிப்பில் பையனுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசம் மறைந்தே போனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்தது. இத்தனைக்கும் அங்கே புதிதாக வேலைவாய்ப்பு எதுவும் பெருகிவிடவில்லை. கண் முன்னால் ஒரு முன்மாதிரி இருந்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நம் பக்கம் பள்ளி விட்டு வந்ததும் அம்மாவோடு பீடி சுற்ற உட்காரும் பிள்ளைக்கு, டெல்லியில் பதவியேற்கும் பெண் தலைவரைவிட, தெருவில் தண்ணீர்க் குழாய் பிரச்சினையைத் தீர்த்து வைக்கும் அக்காதான் நெருக்கம் என்று நினைக்கிறேன். ஆனால் தலைவரின் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்தால், பிள்ளை அதையும் பார்க்கும். அதனால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைவரம்மாவே பேசட்டும் என்று அங்கே கேளுங்கள்.