இரண்டாம் ஆண்டிலேயே என்பிஏ டிராஃப்டுக்குப் போகலாமா?

என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே உங்கள் பையன் போகலாமா என்று கேட்கிறீர்கள். பெயர் கொடுக்கட்டும், ஆனால் கல்லூரியை விடவேண்டாம். டிராஃப்ட் கணிப்புகளில் 40-ஆம் இடத்தை ஒட்டி இருக்கிறான் என்கிறீர்கள். முதல் சுற்று உறுதியாகத் தெரியாவிட்டால் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) வைத்த கெடுவுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

கோடு விழுவது 30-இல்: முதல் 30 தேர்வுகள்தான் முதல் சுற்று. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு அட்டவணைப்படி சம்பளம், முதல் இரண்டு ஆண்டு உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உத்தரவாதம் இல்லை; பலருக்கு டூ-வே ஒப்பந்தம்தான் (என்பிஏவுக்கும் அதன் கீழ்நிலை லீக்கான ஜி லீக்குக்கும் மாறி மாறி ஆடுவது), ஜி லீக்கில்தான் பாதி வாழ்க்கை. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரை வைத்து விளம்பரம் போன்றவற்றில் சம்பாதிக்கலாம் என்பதால், பெரிய கல்லூரி அணியில் இன்னொரு ஆண்டு இருப்பது சிலருக்கு அதைவிட லாபம்.

நீங்கள் குழம்புவது அநேகமாகப் பெயரைத் திரும்பப் பெறுவதற்கான இரண்டு கெடுக்களால். என்பிஏவின் கெடு பிந்தியது. கல்லூரிக்குத் திரும்ப என்சிஏஏவின் முந்திய தேதிதான் கணக்கு. அதைத் தவறவிட்டால் வழி அடைபடும்.

இப்போதே செய்யவேண்டியது: பயிற்சியாளர் மூலம் என்பிஏவின் இளநிலை ஆலோசனைக் குழுவிடம், அவன் எந்த இடத்தில் தேர்வாகலாம் என்ற மதிப்பீடு கேளுங்கள். அது வெறும் கருத்து, வாக்குறுதி அல்ல. இணையக் கணிப்புகளைவிட, எத்தனை அணிகள் பயிற்சி பார்க்கக் கூப்பிடுகின்றன, அவை எந்த இடத்தில் தேர்வு செய்பவை என்று எண்ணுங்கள்.

ஏஜென்ட் வைத்தால் என்சிஏஏ சான்று பெற்றவரா, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பினால் அதை முறித்தாகவேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் இந்த ஆண்டுத் தேதிகளைக் கல்லூரியின் விதி அலுவலரிடமே கேளுங்கள். பயிற்சியாளர் அவன் இடத்துக்கு வேறொருவரைச் சேர்த்துவிட்டாரா என்பதையும்.