ஊர்ப் பெரியவர்கள் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்?

"இளைஞர்கள் ஊருக்கு ஒரு நல்லது செய்யக் கிளம்பினால் பெரியவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள், ஊர் ஆதரவை எப்படிப் பெறுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் வாட்ஸ்அப் குழு தொடங்கி, டி-ஷர்ட்டும் அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுடையது சிவகங்கைப் பக்கம், வானம் பார்த்த பூமி. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த சூட்டோடு வரத்துக்கால்வாயைத் தூர்வார இறங்கினோம். ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

காரணத்தைச் சொன்னவர், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் வேலை பார்த்த பழைய நீர்பாய்ச்சி. "அப்பு, நீங்க ஏலத்துல கை வைப்பீகளோன்னு நெனைக்கிறாக" என்றார். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடும் மீன்பாசி ஏலப் பணத்தில்தான் எங்கள் கோயில் திருவிழா நடக்கும். இன்றைக்குக் கால்வாயில் இறங்குகிறவன் நாளைக்குக் கணக்கு கேட்பான் என்ற பயம். சரி என்று கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டோம், ஏலத்தில் தலையிட மாட்டோம் என்று.

அந்த ஏப்ரலில்தான் விவசாயிகள் கண்மாயில் படிந்த வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்து, சிட்டா, அடங்கல் எடுத்து இணைத்தோம். தன் வயலுக்கு மண் வருகிறது என்றதும் டிராக்டர்கள் தானாக வந்தன. டீசல் செலவை அன்றன்றே டீக்கடைப் பலகையில் எழுதிப் போட்டோம். கால்வாயை வளைத்துப் போட்டிருந்தவர்களிடம் நாங்கள் போகவில்லை. அவர்களுடைய பங்காளிகளே பேசி முடித்தார்கள். (இப்போது இன்னும் சுலபம், 2024 முதல் வண்டலுக்குத் தாசில்தாரே அனுமதி தரலாம்.)

இது சமரசம், கணக்கு கேட்காத பொதுத்தொண்டு என்ன தொண்டு என்று சிலர் பாய்வீர்கள். பாயுங்கள். கேட்கக் கிராம சபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு நாள். முதல் நாளே கேட்டிருந்தால் மண்வெட்டிகூட இரவல் கிடைத்திருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம் என்றும் நினைக்க வேண்டாம். காலனிப் பையன்கள் எங்களோடு சேர்ந்து நின்றதைச் சிலர் முணுமுணுத்தார்கள், அதில் ஒரு அடிகூட இறங்கிப் போகவில்லை. இரண்டு வீடுகள் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கும் எங்கள் செட்டுப் பையன்களுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. கண்மாய் நிறைந்த அன்று கரையில் வைத்து எங்களுக்குத் துண்டு போர்த்திய மாமாவே, மகளுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தரகரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.