தூங்குகிற நேரத்துக்கும் கூலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை படிக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது வெளியே போனால் அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன். மாதத்தில் மூன்று நான்கு முறை இருக்கும். எவ்வளவு என்று கேட்டால் "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்பேன். போன வாரம் ஐந்து மணி நேரம் இருந்தேன். "மூணு மணி நேரம் தூங்கிட்டுதானே இருந்தான்" என்று இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். மணிக்கு எவ்வளவு கேட்கலாம்? இரண்டு குழந்தைகள் என்றால் இரண்டு மடங்கா? சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு மடங்கு வேண்டாம், கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். அதை விடுங்கள். "தூங்கிட்டுதானே இருந்தான்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

இருபது வயதில் எனக்கும் அதே வாக்கியம் கிடைத்தது. இரண்டு வயதுப் பையன். தூங்கும் நேரத்துக்குப் பாதிக் காசு என்பது அந்த வீட்டுக் கணக்கு. நானும் தலையாட்டினேன். பாதிக் காசு வாங்கியதால் அது பாதி வேலை என்று எனக்கே தோன்றிவிட்டது. அவன் கண்ணசந்ததும் முன்னறைக்குப் போய்ப் பரீட்சைக்குப் படிப்பேன். ஒரு நாள் அவனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. தூங்க வைத்துவிட்டு வந்தேன். பேனாவை அங்கேயே விட்டுவிட்டோமே என்று திரும்பிப் போனபோது கண் மேலே செருகி, கை கால் வெட்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஓடிப் போய்த் தூக்கினேன். இரண்டு நிமிடம் இருக்கும், அடங்கியது.

காய்ச்சல் வலிப்பு என்றார் மருத்துவர். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை வரக்கூடியது, பெரும்பாலும் பின்விளைவு இருக்காது என்றார். தூக்கியிருக்கக் கூடாதாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். பேனா என் கையிலேயே இருந்திருந்தால்? இன்றும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

தூங்கும் குழந்தையின் பக்கத்தில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை. காது அங்கே இருக்கிறது. அந்த வீட்டை விட்டு வெளியே போக முடியாது, தாழ் போட்டுக்கொண்டு தூங்க முடியாது. அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது இல்லை. யாருடையதோ, அவர்கள்தான் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ILO) 2011-இல் வீட்டு வேலை செய்பவர்களுக்காக 189-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. நேரம் தன் கையில் இல்லாமல், கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் வேளையையும் வேலை நேரமாகக் கருத வேண்டும் என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும். எப்போதாவது செய்கிறவர், அதைத் தொழிலாகக் கொள்ளாதவர், அந்த வரையறைக்குள் வரமாட்டார். அதாவது நீங்கள் வரமாட்டீர்கள். அதனால் என்ன? உங்கள் காத்திருப்பு மட்டும் வேறு விதமா?

ஆனால் உங்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். "பார்த்துக் கொடுங்க" என்று எதற்காகச் சொன்னீர்கள்? பணத்தைப் பற்றிப் பேசினால் குழந்தை மேல் பாசம் இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றா? அவர்கள் பார்த்துத்தான் கொடுத்தார்கள், அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததற்கு. தெரியாத மூன்று மணி நேரத்தை நீங்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? பாசம் இருக்கட்டும் அம்மா, நிறைய இருக்கட்டும். அதைக் கூலியில் கழிக்காதீர்கள்.

மணிக்கு எவ்வளவு என்றுதானே கேட்டீர்கள். உங்களைப் போல இந்த வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். வாசலில் கால் வைத்ததிலிருந்து பிள்ளையை அவர்கள் கையில் கொடுக்கும் வரை ஒரே கணக்கு. அவர்கள் தாமதமாக வந்தால் அதுவும் சேரும். சனிக்கிழமைக்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். அப்புறம், பையனுக்கு உடம்பு சுடுகிறதா என்று கேளுங்கள், அவனுடைய மருத்துவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.