நாய்களோடு பனிக்காலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் டென்வரில் வசிக்கிறோம். இருவருக்கும் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. வாடகை ஒப்பந்தம் அக்டோபர் இறுதியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல், சென்ற கோடையில் வாங்கிய 17 அடி டிரெய்லரிலேயே (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) இந்தக் குளிர்காலத்தைக் கொலராடோ மலைப்பகுதியில் கழிக்கலாம் என்று நினைக்கிறோம். எங்களுடன் 11 வயது லேப்ரடார் ஒன்றும், தத்தெடுத்த கிரேஹவுண்ட் ஒன்றும் இருக்கின்றன. மதுரையிலிருக்கும் அம்மா, "நீங்கள் வேண்டுமானால் கஷ்டப்படுங்கள், வாயில்லா ஜீவன்களை ஏன் வதைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். நீங்கள் இரண்டு நாய்களோடு கொலராடோவின் அலமோசாவில் இரண்டு குளிர்காலங்களை டிரெய்லரில் கழித்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அம்மா சொல்வது சரியா? எவ்வளவு பெரிய ஹீட்டர் வாங்கினால் போதுமானதாக இருக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஹீட்டரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் நானும் குளிரைத்தான் எதிரி என்று எண்ணினேன். கூரை ஜன்னலை மெத்தைப்பஞ்சு வைத்து அடைத்தேன், கதவிடுக்குகளில் டேப் ஒட்டினேன், நாய் தும்மத் தொடங்கியபோது குளிர் தாங்கவில்லை போலும் என்று இன்னும் இறுக்கமாக அடைத்தேன். ஜனவரி நடுவில் ஒருநாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பலகை முழுவதும் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. அதற்கு மேலேதான் நானும் நாய்களும் பல வாரங்களாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். சிறிய டிரெய்லரில் பனிக்காலம் என்பது முதன்மையாக ஈரத்தோடு நடத்தும் போராட்டம் என்று அன்றுதான் புரிந்துகொண்டேன்.

கணக்கைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமைக்கூடத் தாங்காது. உங்கள் டிரெய்லரின் உள்ளே இருக்கும் காற்று 15 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது தாங்கக்கூடிய மொத்த நீர் கால் லிட்டர்தான், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு மனிதர்களும் இரண்டு நாய்களும் ஓரிரவில் மூச்சாக வெளிவிடுவது அதைவிட அதிகம். அந்த நீர் போக வேறு இடமின்றி ஜன்னல் கண்ணாடியிலும், சுவரோரத்திலும், மெத்தைக்கு அடியிலும் படிகிறது.

ஆகவே ஹீட்டரின் அளவைவிட அதன் வகைதான் முக்கியம். ஒரு கிலோ புரொப்பேன் (சிலிண்டரில் வரும் கேஸ்) எரியும்போது 1.6 கிலோவுக்கு மேல் நீர் உண்டாகிறது. 9 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் ஏறத்தாழ ஒரு குடம் தண்ணீர். புகைக்குழாய் இல்லாமல் அறைக்குள்ளேயே எரியும் சிறிய கேஸ் ஹீட்டர்கள் அந்தக் குடத்தை உங்கள் படுக்கையறையில் கவிழ்க்கின்றன, அறையின் பிராணவாயுவையும் தின்கின்றன. டிரெய்லரோடு வரும் ஃபர்னஸோ எரிந்த காற்றை வெளியே தள்ளிவிட்டு வெப்பத்தை மட்டும் உள்ளே தருகிறது. அதையே நம்புங்கள். அது ஓடும்போதும் கூரை ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தே வையுங்கள். மலைப்பகுதியின் வெளிக்காற்று குளிர்ந்ததென்றாலும் வறண்டது. உள்ளே வந்து சூடானதும் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். சூட்டை வீணாக்குகிறோமே என்று மனம் பதைக்கும். அந்த விரயத்துக்கும் சேர்த்துத்தான் கேஸ் வாங்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கை உயரத்தில் வையுங்கள். கேஸ் கசிவு அலாரம் தரையை ஒட்டியே இருக்க வேண்டும், ஏனென்றால் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வாகத் தேங்கும். தரையில் படுத்திருப்பது உங்கள் லேப்ரடார் என்பதை நினைத்துக்கொண்டு அதை மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

நாய்கள் கொண்டுவரும் ஈரம் தனிக்கதை. லேப்ரடாருக்கு உள்ளே அடர்ந்த ஓர் உரோம அடுக்கு உண்டு. வயிற்றிலும் கால்விரல்களுக்கிடையிலும் பனி உருண்டைகளாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். அது பனியாக இருக்கும்போதே, கதவுக்கு வெளியே நின்று, கையால் உதிர்த்துவிட வேண்டும். உள்ளே வந்து உருகிவிட்டால் அந்த நீர் முழுவதும் உங்கள் காற்றில்தான் கலக்கும். நான்கு பாதங்களையும் அங்கேயே துடையுங்கள். சாலையில் தூவும் உப்பு பாத வெடிப்புகளில் எரியும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். கார் என்ஜினில் ஊற்றும் உறையாத் திரவத்தில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ளது, சிறிதளவே நாயைக் கொன்றுவிடும். டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்கள் உறையாமலிருக்க ஊற்றும் இளஞ்சிவப்புத் திரவம் வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

உங்கள் இரண்டு நாய்களுக்கும் ஒரே வெப்பம் பொருந்தாது. கிரேஹவுண்ட் நம் சிப்பிப்பாறையைப் போன்ற உடல்வாகு கொண்டது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, உரோமம் மெல்லியது. வண்டிக்குள்ளேயே அதற்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும், இரவில் உங்கள் போர்வைக்குள் வந்துவிடும், வரட்டும். லேப்ரடார் அதே அறையில் மூச்சிரைத்துக்கொண்டு குளிர்ந்த தரையைத் தேடிப் போகும். ஆனால் 11 வயது மூட்டுகளுக்கு அந்தத் தரை நல்லதல்ல. டிரெய்லரில் தலைக்கு மேலே வெதுவெதுப்பும் கணுக்காலில் உறைகுளிருமாக இருப்பது இயல்பு. தடித்த ஃபோம் பலகை ஒன்றைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி அதற்குப் படுக்கையாக்குங்கள், வாசற்படிக்கு ஒரு சாய்தளமும் செய்துகொடுங்கள்.

இனி, எனக்கு எழுதக் கடினமான பகுதி. இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு பிப்ரவரி காலை, மலைக்கு அப்பாலுள்ள வால்சன்பர்க் ஊர் வரை போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் நாய்களை உள்ளே விட்டுக் கிளம்பினேன். வழியில் ஏறத்தாழ 2,870 மீட்டர் உயரத்திலுள்ள லா வேட்டா கணவாயைப் பனிப்பொழிவு மூடிவிட்டது. நான் திரும்பியபோது இரவு ஒன்பது மணி. சிலிண்டரில் கேஸ் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் ஃபர்னஸின் விசிறி பேட்டரியில் ஓடுவது, அந்தப் பேட்டரி தீர்ந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. நாய்கள் இரண்டும் என் அழுக்குத் துணிகளை இழுத்துப்போட்டு அதன்மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தன. என்னைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு எழுந்தன. அன்றிரவு நான் உறங்கவில்லை.

அதற்குப் பிறகு நாய்களின்றி நான் எந்தக் கணவாயையும் கடக்கவில்லை. உங்களிடமும் இதை நிபந்தனையாகவே வைக்கிறேன். மின்சார இணைப்புள்ள முகாமில் நிறுத்தினால் இந்த அச்சம் பெருமளவு குறையும். இல்லையென்றால் கூரையின் சோலார் தகட்டை நம்பாதீர்கள். டிசம்பர் பிற்பகுதியில் டென்வரின் நண்பகல் சூரியனே 27 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும், படுக்கையாகக் கிடக்கும் தகட்டில் நேராகத் திருப்பிய தகட்டுக்குக் கிடைப்பதில் பாதிகூட விழாது. லித்தியம் பேட்டரியாக இருந்தால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது.

அம்மாவுக்கான பதில் இது: நாய்களுக்கு எப்போதும் உங்களருகே இருப்பது வதையல்ல, அவை மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்குச் சக்கரங்கள் இருக்கும்போது ஏன் மலையின் மேலேயே நிற்க வேண்டும்? அரிசோனாவின் குவார்ட்ஸைட் சுமார் 270 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஜனவரியின் பகல் நம் ஊட்டியின் நல்ல பகலைப் போன்றது. கூட்டாட்சி அரசின் நில நிர்வாகத் துறை அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணத்துக்குத் தங்க அனுமதிக்கும் பாலைவன நிலங்கள் உள்ளன, வடக்கின் முதியவர்கள் பலர் நாய்களோடு அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். அங்கேயும் சோயா (cholla) என்ற கள்ளிச்செடியின் முட்கள் பாதத்தில் ஏறும், மண்ணிலுள்ள ஒரு பூஞ்சையால் வரும் 'வேலி ஃபீவர்' (Valley Fever) என்ற நோய் மண்ணைத் தோண்டும் நாய்களை எளிதில் பிடிக்கும். தொடர்ந்து இருமினால் மருத்துவரிடம் காட்டுங்கள். எனினும் உங்கள் லேப்ரடாரின் வயதை எண்ணும்போது நான் தெற்கையே சொல்வேன்.

எதையும் முடிவு செய்யும் முன், ஒப்பந்தம் இன்னும் கையிலிருக்கும் அக்டோபரில், உறைபனி விழும் மூன்று இரவுகள் வீட்டு வாசலிலேயே டிரெய்லரில் நாய்களோடு படுத்துப் பாருங்கள். நான்காம் நாள் காலை மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைத் தொட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.