மலைச் சைக்கிளில் வளைந்த ஹேண்டில்பார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நீண்ட தூர மண்பாதைப் பந்தயங்களுக்காக, 29 அங்குலச் சக்கரமுள்ள என் மலைச் சைக்கிளில் சாலைச் சைக்கிளுக்குரிய வளைந்த பாரைப் பொருத்த விரும்புகிறேன். நண்பர்கள் இதை இந்தக் கால மோகம் என்கிறார்கள். உண்மையில் பயன் உண்டா?

பதில்: மோகம் என்று சொல்வதற்கு இதன் வயது சற்று அதிகம். கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் மலைச் சைக்கிள் உருவான காலத்திலேயே, சார்லி கன்னிங்ஹாம் தாம் செய்த அலுமினியச் சைக்கிள்களில் வளைந்த பாரைப் பொருத்தினார். அப்படியொரு சைக்கிளில்தான் பந்தய வீராங்கனை ஜாக்கி ஃபீலன் 1983 முதல் 1985 வரை அமெரிக்கத் தேசியப் பட்டங்களை வென்றார். அமெரிக்க வீரர் ஜான் டோமாக் 1990-இல் சாலைப் பந்தயங்களிலும் ஓடிக்கொண்டிருந்ததால், உடலின் இருக்கை நிலை மாறக் கூடாது என்று தம் யெட்டி நிறுவன மலைச் சைக்கிளிலும் வளைந்த பாரையே வைத்துக்கொண்டார். 2024-இல் கொலராடோவின் லெட்வில் 100 மைல் பந்தயத்தைக் கீகன் ஸ்வென்சன் வென்றதும் வளைந்த பார் பூட்டிய மலைச் சைக்கிளில்தான்.

லெட்வில் போன்ற தடங்களில் பெரும்பகுதி அகலமான மண்சாலை. அங்கே எதிர்காற்றில் உடலைக் குறுக்கிக்கொள்ளவும், ஆறேழு மணி நேரம் கைகளுக்கு இடம் மாற்றித் தரவும் வளைந்த பார் பெரிதும் உதவும். உங்கள் தடம் செங்குத்தான பாறைப் படிகளும் குறுகிய திருப்பங்களும் நிறைந்ததென்றால், 740 மி.மீ. அகலமுள்ள தட்டைப் பாரின் பிடிமானம் இதில் கிடைக்காது. அப்படிப்பட்ட தடத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இப்போதுள்ள ஃபிரேமிலேயே பாரை மட்டும் மாற்றினால் போதுமா? பாரைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். தட்டைப் பாரின் பிடிகள் ஸ்டெம் கவ்வும் இடத்திலிருந்து சற்றுப் பின்னோக்கி வளைந்திருக்கும். வளைந்த பாரிலோ, பிரேக் லீவரின் ரப்பர் உறை, அதாவது ஹூட், அதே இடத்திலிருந்து 10 செ.மீ. அளவுக்கு முன்னால் போய் நிற்கும். இரண்டையும் கூட்டினால் கை 12 முதல் 15 செ.மீ. வரை தள்ளிப் போகிறது. 70 மி.மீ. ஸ்டெம்மை எடுத்துவிட்டு 35 மி.மீ. ஸ்டெம் போட்டாலும் மீட்க முடிவது மூன்றரை செ.மீ. மட்டுமே. அண்மைக் கால மலைச் சைக்கிள்கள் குட்டை ஸ்டெம்மை எண்ணியே முன்பக்கம் நீட்டி வரையப்படுவதால், சிக்கல் இன்னும் கூடுகிறது.

காசு செலவழிக்கும் முன் ஓர் அளவு எடுத்துப் பாருங்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சீட்டின் மூக்கிலிருந்து உங்கள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளம் பிடியில் பதியும் இடம் வரை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஹூட் வரையிலான புதிய தூரம் அதைவிட 3 முதல் 5 செ.மீ. வரை கூடினால் உடல் பழகிக்கொள்ளும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் கழுத்தும் தோளும் இரண்டாம் மணி நேரத்திலேயே வலிக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஓர் அளவு சிறிய ஃபிரேமையோ, மேல்குழாய் குட்டையான பழைய ஃபிரேமையோ தேடுங்கள். பாரிலும் முன்நீட்டம் 65 முதல் 70 மி.மீ. வரை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபிரேமையே சொல்லிச் செய்வதாக இருந்தால், செய்பவரிடம் முன்நீட்டம் குறைவாகவும் தலைக்குழாய் உயரமாகவும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கனடாவின் பான்ஃபிலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள மெக்சிகோ எல்லை வரை செல்லும் டூர் டிவைடு பந்தயத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட, சல்சா நிறுவனத்தின் கட்த்ரோட் சைக்கிளின் அளவு அட்டவணையை ஒரு மலைச் சைக்கிளின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நான் சொல்வது எண்களிலேயே தெரியும்.

கேள்வி: பாரை எந்த உயரத்தில் வைப்பது? என் சாலைச் சைக்கிளில் பார் சீட்டைவிட 6 செ.மீ. கீழே இருக்கிறது, அதே அளவை வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். நான் முதன்முதலில் கட்டிய இத்தகைய சைக்கிளில் அதைத்தான் செய்தேன். சமதளத்தில் அருமையாக ஓடிற்று. முதல் சரளை இறக்கத்தில் கீழ்வளைவைப் பிடிக்கக் குனிந்தபோது, உடல் எடை முழுவதும் முன்சக்கரத்தின்மேல் விழுந்துவிட்டது. நிமிர்ந்து ஹூட்டைப் பிடித்தால் இரண்டு விரல்களால் பிரேக்கை இறுக்க வலு போதவில்லை. இரண்டுக்கும் நடுவே தடுமாறி, திருப்பத்தின் வெளிவிளிம்பில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தேன்.

சாலையில் கீழ்வளைவு என்பது அவ்வப்போது குனிந்து பிடிக்கும் இடம். கரடான தடத்தில் அதுவே உங்கள் முதன்மைப் பிடி. பிரேக் லீவரின் முழு நெம்புவலுவும் அங்கிருந்துதான் கிடைக்கிறது. கட்டைவிரலும் பாரைச் சுற்றி இறுகப் பூட்டிக்கொள்கிறது. எனவே கீழ்வளைவில் கை வைத்து, முழங்கையை மடக்கி, சீட்டிலிருந்து எழுந்து பின்னால் சாய முடிகிறதா என்று பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். ஹூட்டுகள் சீட்டின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ வந்தால் மிக நல்லது. மரின் முன்னோடிகள் பாரை அவ்வளவு உயர்த்தி வைத்ததற்கும் காரணம் இதுவே. கீழ்முனைகள் 16 முதல் 25 பாகை வரை வெளியே விரியும் பாரை வாங்குங்கள். மணிக்கட்டு பாரின் மேல்பகுதியில் இடிக்காது, பிடியும் அகலமாகும். புதிய ஃபோர்க்கின் மேலே ஸ்டெம் கவ்வும் ஸ்டீயரர் குழாயை, பத்துப் பயணம் போய் உயரம் உறுதியாகும் வரை வெட்டாதீர்கள். வெட்டிய குழாயை நீட்ட முடியாது.

கேள்வி: என்னிடம் ஷிமானோ 10 கியர் மலைச் சைக்கிள் டெரெய்லியர் (சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் பாகம்) இருக்கிறது. சாலைச் சைக்கிளின் 10 கியர் லீவர் அதோடு சேருமா?

பதில்: சேராது. ஒவ்வொரு சொடுக்குக்கும் லீவர் இழுக்கும் கேபிளின் நீளமும், அதற்கு டெரெய்லியர் நகரும் தூரமும் அந்தத் தலைமுறையில் சாலைக்கு வேறு, மலைக்கு வேறு. ஆனால் ஷிமானோவின் 9 கியர் மலை டெரெய்லியர், 9 கியர் சாலை லீவர்களோடும் பெரும்பாலான 10 கியர் சாலை லீவர்களோடும் ஒழுங்காக ஓடும்; பழைய பொருள்களை வைத்துக் கட்டுபவர்களுக்கு இது பெரிய வரம். மற்றொரு நிறுவனமான ஸ்ராமின் 10 கியர் சாலை லீவரும் அதன் 10 கியர் மலை டெரெய்லியரும் தமக்குள் ஒத்துப்போகும். புதிதாக வாங்குவதானால், ஷிமானோ ஜி.ஆர்.எக்ஸ். வரிசையின் 12 கியரில் 10–51 பல் கேசட்டோடு (பின்சக்கரப் பற்சக்கர அடுக்கு) ஓடும் டெரெய்லியர் உண்டு. ஸ்ராமின் கம்பியில்லா ஏ.எக்ஸ்.எஸ். சாலை லீவர்கள் ஈகிள் மலை டெரெய்லியரை நேரடியாக இயக்கும்.

முன்பல் சக்கரம் 32 பல்லே போதும். 10–51 கேசட்டோடு, நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. வேகம் வரும், கடைசிக் கியரில் 70 சுற்றுக்கு 6 கி.மீ. வரும். பல மலை ஃபிரேம்களில் 36 பல்லுக்கு மேல் போட்டால் பின்குழாயில் இடிக்கும்.

கேள்வி: பிரேக்?

பதில்: கேபிள் பிரேக்கிலும் இதே இழுவைப் பொருத்தம்தான் பிரச்சினை. சாதாரணச் சாலை லீவர் குறைவாக இழுக்கும். மலைச் சைக்கிளின் வி-பிரேக்குக்கும், கேபிளால் இயங்கும் ஏவிட் பி.பி.7 டிஸ்க் பிரேக்கின் மலை வகைக்கும் நிறைய இழுவை தேவை. அவற்றைச் சேர்த்தால் லீவர் பஞ்சுபோல் மெத்தென்று பார் வரை வந்துவிடும், வண்டி சரியாக நிற்காது. பி.பி.7 சாலை வகையை வாங்குங்கள்; அல்லது டெக்ட்ரோ ஆர்.எல்.520 போல நீண்ட இழுவைக்கென்றே செய்யப்பட்ட லீவரைப் பொருத்துங்கள். எண்ணெய் பிரேக் என்றால் ஷிமானோ மினரல் எண்ணெயைப் பயன்படுத்துகிறது, ஸ்ராமின் சாலை லீவர்கள் டாட் எனப்படும் பிரேக் திரவத்தில் இயங்குகின்றன. ஒன்றின் திரவம் மற்றொன்றின் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

கேள்வி: எடை குறைய, 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க்கை எடுத்துவிட்டுச் சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிளின் ஃபோர்க்கைப் போடலாமா?

பதில்: கூடாது. 29 அங்குல 100 மி.மீ. ஃபோர்க், அச்சிலிருந்து தோள்வரை சுமார் 500 மி.மீ. நீளம், கிராவல் ஃபோர்க் பெரும்பாலும் 400 மி.மீ.யை ஒட்டியே இருக்கும். முன்பக்கம் 20 மி.மீ. தாழ்ந்தால் ஃபிரேமின் தலைக்குழாய் சாய்ந்திருக்கும் கோணமான தலைக்கோணம் ஏறத்தாழ 1 பாகை நிமிரும் என்ற கணக்கில், 5 பாகை நிமிர்ந்து கைப்பிடி படபடக்கும், பெடலும் தரையில் தட்டும். சஸ்பென்ஷன் நீளத்துக்கு ஈடாகச் செய்யப்பட்ட, 480 மி.மீ. அளவிலான விறைப்பு ஃபோர்க்குகள் தனியே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடுங்கள். வாங்குவதற்கு முன், நீங்கள் ஓடவிருக்கும் பந்தயத்தின் விதிகளில் வளைந்த பாருக்கு அனுமதி உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.