மாடி பாத்ரூமில் மட்டும் சாக்கடை நாற்றம்

செப்டிக் டேங்கை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். முதலில் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.

எட்டு மாதம் கல்ஃபில் இருந்துவிட்டு மார்த்தாண்டம் வீட்டுக்கு வந்ததும் மாடி பாத்ரூம் நாறுகிறது, அம்மா புழங்கும் கீழ் பாத்ரூமில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். அப்படியானால் டிராப் காய்ந்திருக்கும். டிராப் என்பது ஜாலிக்குக் கீழே கிண்ணம் மாதிரி இருப்பது; அதில் 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் நிற்கும். குழாயில் வரும் வாயுவை மறிப்பது அதுதான். ஆள் புழங்காவிட்டால் வற்றிவிடும். நம் ஊரில் பாதி வீடுகளின் மாடிக் கதை இதுதான்!

வாஷ்பேசினிலும் குழாயைத் திறந்துவிடுங்கள். கிளாசெட்டுக்குள் எட்டிப் பாருங்கள், தண்ணீர் இறங்கியிருந்தால் ஒரு ஃப்ளஷ். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்து மோந்து பாருங்கள்.

மறுநாளும் நாறினால் டிராப்பில் விரிசல், அல்லது வென்ட் பைப்பில் (சாக்கடை வாயுவை மேலே வெளியேற்றும் குழாய்) அடைப்பு. அதற்குப் பிளம்பர்தான் வேண்டும்.

ஒன்று மட்டும்: நாற்றத்துக்காக ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டிவிடும்.

அடுத்த முறை கிளம்பும்போது டிராப்பில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். மேலே மிதந்து, தண்ணீர் சீக்கிரம் வற்றாமல் பார்த்துக்கொள்ளும். அம்மாவால் படி ஏற முடியுமென்றால் மாதம் ஒரு வாளி தண்ணீரே போதும்.