ஷோபான் வால்ட்ஸும் தவறும் இடது கையும்

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் பியானோ கற்கத் தொடங்கி, பியானோ தேர்வுகளில் கிரேடு 4 வரை வந்திருக்கிறேன். இசையமைப்பாளர் ஷோபானின் சி ஷார்ப் மைனர் வால்ட்ஸ் (மூன்றடித் தாள நடன இசை; ஓபஸ், அதாவது படைப்பு எண் 64, எண் 2) வாசிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. வலது கை ஓரளவு வருகிறது. இடது கை பேஸ் எனும் கீழ் ஸ்வரத்திலிருந்து, சில ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டுக்குத் தாவும்போது தவறுகிறது. தவறாத இடத்தில் தொம் தொம் என்று இடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த வால்ட்ஸைச் சில மாதங்களுக்கு மூடி வையுங்கள். ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. இது பொதுவாகக் கிரேடு 7-ஐ ஒட்டிய உருப்படி. தாவலும் மெட்டும் ஒன்றாகப் பழகினால், இடது கையின் பதற்றம் வலது கைக்கும் தொற்றிவிடும்.

அதுவரை இன்னொரு இசையமைப்பாளரான ஷூபர்ட்டுக்குப் போங்கள். 1821-இல் வெளியான அவருடைய ஓபஸ் 9 தொகுப்பில் 36 குட்டி நடனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை எட்டு எட்டு பார்களாக (தாளச் சுற்றுகளாக) இரண்டு பாதிகள், ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். வியன்னாவில் நண்பர்கள் கூடும் மாலைகளில் ஷூபர்ட் பியானோவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட நடனங்களை வாசிக்க, மற்றவர்கள் ஆடுவார்கள். அதாவது, இவை உண்மையிலேயே கால் வைத்து ஆடுவதற்கான இசை. ஷோபானின் வால்ட்ஸ்கள் அப்படியல்ல. அவருடைய ஓபஸ் 42-க்கு ஆடுவதென்றால், ஆடுகிற பெண்களில் பாதிப் பேராவது சீமாட்டிகளாக இருக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் ஷூமன் எழுதினார். ஆடும் இசையில் அடி பழகிவிட்டால் ஆடாத இசையிலும் அது நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது தாவல். வலது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்டு விரலால் பேஸ் ஸ்வரத்தை வாசித்த உடனே கையை கார்டின் மேல் கொண்டுபோய், கட்டைகளைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள், அழுத்த வேண்டாம். சரியான இடம்தானா என்று பார்த்த பிறகு அழுத்துங்கள். வாசிக்கும் வேகம் எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை, கை போகும் வேகம் மட்டும் குறையக் கூடாது. அடுத்து திரும்பும் வழி: மூன்றாம் அடியின் கார்டிலிருந்து அடுத்த பாரின் பேஸுக்கு. எல்லாரும் போகும் வழியைத்தான் பழகுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் தவறுவது திரும்பும்போதுதான். அந்த ஒரு தாவலைத் தனியாக எடுத்துப் பழகுங்கள். கட்டைவிரல் எந்தக் கட்டையில் போய் விழுகிறது என்று கவனித்துக்கொண்டால் மற்ற விரல்கள் தாமாக இடம் பிடிக்கும்.

இடிப்புக்குக் காரணம் மூன்று அடிக்கும் ஒரே எடை கொடுப்பது. ‘தகிட’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘த’வில் மட்டும் கையின் எடை இறங்கட்டும். ‘கிட’ வரும்போது விரல்கள் கட்டையை விட்டு எழும்பாமலே லேசாக அழுத்த வேண்டும். கார்டை உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் இடிக்கும். பெடலை பேஸோடு மிதித்து, மூன்றாம் அடிக்குள் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், லயம். ஷோபான் என்றாலே இஷ்டத்துக்கு இழுத்து வாசிக்கலாம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அவருடைய மாணவர் மிக்குலி சொல்வதோ வேறு: ஆசிரியரின் பியானோவை விட்டு மெட்ரோனோம் (சீராக அடி எண்ணும் கருவி) நகர்ந்ததே இல்லை. பாடுகிற கை கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், துணை நிற்கும் கை அடி தவறக் கூடாது என்பதுதான் ஷோபானின் பாடம். எனவே இடது கையை மட்டும் மெட்ரோனோமோடு வாசித்து, மெட்டை வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பாடுங்கள். இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியாது.

ஷூபர்ட்டில் ஏழெட்டு நடனங்கள் தடுமாறாமல் வந்ததும், ஷோபான் மறைந்த பிறகு வெளிவந்த ஏ மைனர் வால்ட்ஸை எடுங்கள். மெட்டு எளிமையானது, ஆனால் அழகில் குறைவில்லை. நடுவில் ஈ மேஜர் ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) ஒன்று மேலே ஓடும். அந்த இடத்தில் இடது கை பதறாமல் நின்றால் சி ஷார்ப் மைனருக்குத் திரும்பிவிடலாம்.

திரும்பும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். அங்கே வலது கை இரட்டை ஸ்வரங்களாக இறங்கிவருவது வேறொரு சிரமம். ‘பியு மோஸ்ஸோ’ (இன்னும் வேகமாக) என்று போட்டிருக்கும் ஓட்டமான பகுதியை முதலில் பழகுங்கள். அது மூன்று முறை வருகிறது. அது கைக்கு வந்தால் உருப்படியில் பாதி முடிந்துவிடும்.